போர்ட் திறந்திருக்கிறது, உள்ளே யார்? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

தம்புச் செட்டித் தெருவில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு கேமரா, வாசலில் கைரேகை வைக்கும் மெஷின், வரவேற்பறையில் ஒரு டிவி. அவ்வளவுதான் அலுவலகம். அங்கே ஆடிட் செய்ய வந்த ஒருவர் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்து, அதாவது எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்து (போர்ட் என்பது நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் எண்ணிட்ட வாசல்), ஏழு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி எனக்கு போன் செய்தார்.

"தம்பி, 5555ன்னு ஒண்ணு இருக்கு. பக்கத்துல ஃப்ரீசிவ்னு போட்டிருக்கு. தேடிப் பார்த்தா அது ஏதோ கேமாம். பசங்க ஆபீஸ்ல கேம் ஆடுறாங்களா?"

"அண்ணே, யாரையும் எதுவும் கேட்டுடாதீங்க. எதையும் மூடவும் வேணாம். நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்தத் தாளில் இருந்த எண்கள் 554, 4370, 5555, 7680, 8000, 9000, 9100. ஒவ்வொன்றும் எப்படித் தெளிந்தது என்பதைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது அந்த ஒலிக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. துறைமுகத்தில் பெர்த் எண்ணை வைத்து அங்கே நிற்கும் கப்பலில் என்ன சரக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்று கார் ஏற்றும் கப்பல் நிற்கும், நாளை வேறொன்று. நெட்வொர்க் போர்ட்டும் அப்படித்தான். 1 முதல் 65,535 வரை எண்கள் இருக்கின்றன. இன்ன எண் இன்ன சேவைக்கு என்று ஐஏஎன்ஏ என்ற அமைப்பு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 1023 வரை பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் 49151 வரை பதிவு செய்யலாம், ஆனால் பதிவு செய்யாதவர்களும் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். 49152க்கு மேல் அவ்வப்போது எடுத்து, முடிந்ததும் விட்டுவிடும் எண்கள்.

1997இல் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப் என்ற கருவியைத்தான் இன்றும் எல்லோரும் ஸ்கேன் செய்யப் பயன்படுத்துகிறோம். வெறுமனே ஓட்டினால் அது போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் அச்சிடும் பெயரைத் தன்னிடம் உள்ள ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் போடும். போர்ட்டிடம் கேட்டு எழுதிய பெயர் இல்லை அது. ஆடிட் தாளில் இருந்த பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை. 7680க்கு எதிரே பாண்டோ என்று இருந்தது. அது ஒரு காலத்தில் ஃபைல் பகிரப் பயன்பட்ட மென்பொருள், 2013இல் மூடப்பட்டுவிட்டது. இந்தப் பெயர்களை நம்பி எதையும் மூடக் கூடாது.

இன்னொன்று. உங்களுக்குச் சொந்தமில்லாத நெட்வொர்க்கை உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ஸ்கேன் செய்யாதீர்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டரை அணுகுவதைப் பற்றியது. நான் வேலை தொடங்கும் முன் முதலாளியிடம் வாட்ஸாப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்வேன். மண்ணடியில் ஒரே கட்டடத்தில் நாலு அலுவலகம், ஒரே கேபிள்காரர், சில இடங்களில் ஒரே ரவுட்டர். பக்கத்துக் கடையின் மெஷின் உங்கள் ஸ்கேனில் வந்து விழுவது சகஜம். அது வந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: என் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே தெரியாத போர்ட் திறந்திருக்கிறது

கம்ப்யூட்டர் கையில் இருந்தால் வெளியிலிருந்து ஊகிக்கவே வேண்டாம். எந்த நிரல் அந்த எண்ணைப் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே சொல்லும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மின் உரிமையுடன் திறந்து "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" என்று தட்டுங்கள். லிஸனிங் என்று உள்ள வரிகளை மட்டும் பாருங்கள். கடைசி எண் பிஐடி, அதாவது அந்த நிரலின் அடையாள எண். இரண்டாவது பத்தியில் இருக்கும் முகவரியையும் விடாதீர்கள். 127.0.0.1 என்றிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்கிறது, வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. 0.0.0.0 அல்லது [::] என்றிருந்தால் எல்லாப் பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு, எந்த இணைப்பை விடலாம் என்று வடிகட்டும் ஃபயர்வால் விடுகிறதா என்பது வேறு கேள்வி.

அப்புறம் "டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி" என்று தட்டி அந்த பிஐடியைத் தேடுங்கள். நிரலின் பெயர் நேராக வந்துவிட்டால் வேலை முடிந்தது. விண்டோஸ் சேவைகளைத் தன்னுள் வைத்து ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் என்று வந்தால் பக்கத்துப் பத்தியில் எந்தச் சேவை என்று இருக்கும். 7680 இப்படித்தான் தெளிந்தது. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று வந்தது. ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய விண்டோஸ் அப்டேட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்கும் சேவை அது. பதினோரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக இறக்கினால் அந்த இணைய இணைப்பு தாங்காது, அதனால் விட்டுவிட்டேன்.

பிஐடி 4, சிஸ்டம் என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். போர்ட்டை விண்டோஸின் மையப் பகுதியே வைத்திருக்கிறது என்று அர்த்தம். 445 ஃபைல் பகிர்வு. 5357 பிரிண்டர் போன்றவற்றைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. 80 இப்படி வந்தால் யாரோ ஒரு மென்பொருள் விண்டோஸின் வெப் பகுதியிடம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறது. "நெட்ஷ் ஹெச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட்" என்று தட்டினால் கேட்டது யார் என்று தெரியும். 135ம், 49664இல் தொடங்கி வரிசையாக நிற்கும் சில எண்களும் எல்லா விண்டோஸிலும் இருப்பவை.

9000 கணக்குப் பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரிலேயே பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 9000 என்று கொடுத்தேன். டாலி சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரியில் பதில் வந்தது. எக்செல் வழியாகக் கணக்கு எடுக்க டாலி அந்தப் போர்ட்டைத் திறந்து வைக்கிறது. வேறொரு அலுவலகத்தில் இதே 9000இல் போர்ட்டெய்னர் என்ற வேறொரு மென்பொருள் ஓடியது. இரண்டுக்கும் எண்ணைத் தவிர ஒற்றுமை ஒன்றும் இல்லை.

பெயர் பழக்கமில்லாததாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் வலது கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பத்துடன் இருந்தால் ஓரளவு நிம்மதி. டெம்ப் ஃபோல்டருக்குள், குருட்டாம்போக்கில் அடித்த எழுத்துகள் போன்ற பெயருடன், கையொப்பமே இல்லாமல் இருந்தால் கடைசி அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

சின்ன அலுவலகங்களில் நான் முதலில் தேடுவது 5900, 5938, 7070 ஆகிய மூன்றையும்தான். முறையே விஎன்சி, டீம்வியூவர், எனிடெஸ்க் வழக்கமாக எடுப்பவை. எப்போதோ வந்து போன சர்வீஸ்காரர் தூரத்திலிருந்து பார்க்க வசதியாகப் போட்டு வைத்திருப்பார். அவர் வேலையை விட்டே வருடம் ஆகியிருக்கும், பாஸ்வேர்டு மட்டும் அப்படியே இருக்கும். இதை அலுவலகத்தில் ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அறிகுறி: லினக்ஸில் போர்ட் தெரிகிறது, நிரலின் பெயர் மட்டும் வரவில்லை

"எஸ்எஸ் -டியுஎல்பிஎன்" என்று தட்டியிருப்பீர்கள். முன்னால் சூடோ போட்டீர்களா, அதாவது அட்மின் உரிமையுடன் ஓட்டினீர்களா? போடாவிட்டால் மற்ற பயனர்களின் நிரல் பெயரைக் காட்டாது. பத்துக்கு ஒன்பது முறை இவ்வளவுதான் விஷயம்.

சூடோ போட்டும் வெறுமையாக இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே பிடித்திருக்கலாம். 2049 என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு, யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே தகவல் அனுப்பும் முறை) 51820 வயர்கார்டு என்ற விபிஎன், இவை அந்த வகை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, பிஐடி 1 என்று வந்தால், உண்மையான நிரல் இன்னும் எழவில்லை, யாராவது கதவைத் தட்டினால் எழுப்புவதற்காக சிஸ்டம்டி காத்திருக்கிறது. "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-சாக்கெட்ஸ்" பட்டியல் தரும்.

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி டப்பாக்களில் அடைத்து ஓட்டும் மென்பொருள். டாக்கர்-பிராக்ஸி என்று வந்தால் "டாக்கர் பிஎஸ்" தட்டி எந்தக் கன்டெய்னர் என்று பாருங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வால் கருவியை வைத்து ஒரு போர்ட்டை அடைத்திருப்பார்கள், ஆனால் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அது திறந்தே தெரியும். லினக்ஸின் ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் டாக்கர் தானே விதிகளை எழுதிக்கொள்கிறது, யுஎஃப்டபிள்யூவின் விதி வரை உள்ளே வரும் தகவல் போவதே இல்லை. கன்டெய்னரைத் தொடங்கும்போதே போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று கொடுத்துவிடுவதுதான் இதற்கு நேரான மருந்து. டேட்டாபேஸ் ஓடும் கன்டெய்னர் என்றால் இதை இன்றே செய்யுங்கள்.

அறிகுறி: ஏதோ ஒரு பெட்டி, உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை

கேமரா ரெக்கார்டர், பிரிண்டர், கைரேகை மெஷின், டிவி பெட்டி. இவற்றில் கட்டளை தட்ட முடியாது. வெளியிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், இதில்தான் பொறுமை தேவை.

போர்ட்டை விடுங்கள், முதலில் பெட்டி எது என்று பாருங்கள். அதற்கு ஒரு முறை பிங் செய்துவிட்டு (இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு) "ஏஆர்பி -ஏ" தட்டினால் அதன் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தப் பெட்டிக்கு உரிய அடையாள எண், கிடைக்கும். ஆறு இரட்டைகளில் முதல் மூன்று தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். அந்த எண்களை ஐஇஇஇ என்ற அமைப்பு பிரித்துக் கொடுக்கிறது. முதல் இரட்டையின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் நிறுவனத்தைத் தேட வேண்டாம். அது பெட்டியோடு பிறந்த முகவரி இல்லை, மென்பொருள் இட்டுக்கொண்டது. பெரும்பாலும் யாரோ ஒருவருடைய செல்போன் வைஃபையில் இருக்கிறது.

அடுத்து "என்மேப் -எஸ்வி" என்று ஓட்டுங்கள். எஸ் சிறிய எழுத்து, வி பெரிய எழுத்து. 2003இல் சேர்ந்த வசதி இது. போர்ட்டோடு பேசிப் பார்த்து, வரும் பதிலை வைத்து அடையாளம் சொல்லும். சாதாரணமாக என்மேப் அடிக்கடி பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டுமே தட்டும், அதனால் உங்களுக்கு வேண்டிய எண்ணை "-பி" போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கையாலும் பேசிப் பார்க்கலாம், என்சி என்ற சின்னக் கருவி போதும். சில சேவைகள் நாம் வாய் திறக்கும் முன்னே தங்கள் பெயரைச் சொல்லிவிடும். தூரத்திலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். ஃபைல் அனுப்பும் எஃப்டிபியும் மெயில் அனுப்பும் சர்வரும் 220 என்று தொடங்கும். விஎன்சி, ஆர்எஃப்பி 003 என்று தொடங்கும். மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸ் புரியாத குறிகளுக்கு நடுவே தன் பதிப்பு எண்ணைக் காட்டிவிடும். மௌனமாக இருப்பவை நாம் பேசக் காத்திருப்பவை. அவற்றை பிரவுசரில் ஹெச்டிடிபி என்று ஒரு முறை, ஹெச்டிடிபிஎஸ் என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அதை மூடிவிடாமல் திறந்து படியுங்கள். யாருக்கு வழங்கப்பட்டது என்ற இடத்தில் பெட்டியின் மாடல் பெயரே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாளில் இருந்த 554ம் 8000ம் ஒரே முகவரியில் இருந்தன. 554 கேமரா படத்தை அனுப்பும் ஆர்டிஎஸ்பி. ஹிக்விஷன் ரெக்கார்டர்கள் 8000ஐ எடுத்துக்கொள்ளும். டாஹுவா என்றால் 37777. மேக் முகவரியும் ரெக்கார்டர் தயாரித்தவரையே காட்டியது. ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். எண், மேக், பதில் என்று மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் நான் நோட்டில் எழுதுவேன்.

4370 கைரேகை மெஷின். மாதக் கடைசியில் வருகைப் பதிவை இழுக்கும் மென்பொருள் அந்தப் போர்ட் வழியாகத்தான் பேசுகிறது. ஆடிட் தாளைப் பார்த்து அன்றே மூடியிருந்தால் முப்பதாம் தேதி சம்பளக் கணக்கு நின்றிருக்கும், ஏன் நின்றது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

9100 பிரிண்டர். இதைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். 9100க்கு என்ன அனுப்பினாலும் பிரிண்டர் அதை அச்சடிக்க வேண்டிய பக்கமாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் என்மேப் பதிப்பு தேடும்போது 9100 முதல் 9107 வரை தானாகவே விட்டுவிடுகிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நான் "--ஆல்போர்ட்ஸ்" சேர்த்து ஓட்டினேன். பில் போடும் நேரம். குப்பை எழுத்துகளோடு தாள் தாளாக வெளியே வந்துகொண்டே இருந்தது, வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். அன்றிலிருந்து பிரிண்டர் இருக்கும் நெட்வொர்க்கில் அந்த விருப்பத்தை நான் தொடுவதில்லை. கடை நடக்கும் நேரத்தில் ஸ்கேனும் செய்வதில்லை.

அறிகுறி: பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி, அல்லது டிசிபிராப்டு

கேள்விக்குறி வந்தால் என்மேப் பேசிப் பார்த்தும் புரியவில்லை, பட்டியல் பெயரை ஊகமாகப் போட்டிருக்கிறது. கீழே பதிலாக வந்த எழுத்துகளைக் கொட்டியிருக்கும். அதைக் கண்ணால் படியுங்கள். நடுவில் ஒரு மாடல் எண்ணோ நிறுவனப் பெயரோ ஒளிந்திருக்கும்.

டிசிபிராப்டு என்றால் இணைப்பு கிடைத்தது, ஆனால் நாம் ஒன்றும் பேசும் முன்னே எதிர்ப்பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டது. யார் வரலாம் என்று பட்டியல் வைத்திருக்கும் சேவையாக இருக்கலாம், நடுவில் நிற்கும் ஃபயர்வாலாக இருக்கலாம். அந்தச் சேவையை வழக்கமாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுபடி கேளுங்கள், பதில் மாறலாம்.

அறிகுறி: எந்த முகவரியைக் கேட்டாலும் 25, 110, 143 திறந்திருக்கிறது

பிரிண்டரில் மெயில் சர்வர் ஓடாது. இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டரைத்தான். சில ஆன்டிவைரஸ்கள் மெயிலைச் சோதிக்க அந்தப் போர்ட்டுகளுக்குப் போகும் இணைப்பைத் தாங்களே வாங்கிப் பதில் சொல்லிவிடும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 2000ம் 5060ம் எல்லா இடத்திலும் திறந்து தெரிந்தால் நடுவில் ஒரு ஃபயர்வால், இணையத் தொலைபேசிக்கு உதவுகிறேன் என்று தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

அறிகுறி: வெளியிலிருந்து பார்த்தால் என்னிடம் இல்லாத போர்ட்டெல்லாம் திறந்திருக்கிறது

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வான் (டபிள்யூஏஎன்) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது முகவரி இல்லை. இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது, நீங்கள் ஸ்கேன் செய்தது அவர்களுடைய பெட்டியை. உடனே நிறுத்துங்கள்.

வான் முகவரியும் இணையத்தில் மற்றவர்களுக்குத் தெரியும் பொது முகவரியும் ஒன்றேயாக இருந்து, 7547 தெரிந்தால் இணைய நிறுவனம் ரவுட்டரைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் வழி. ரெக்கார்டரின் போர்ட்டுகள் வெளியே தெரிந்தால் ரவுட்டரில் யுபிஎன்பி பகுதியைத் திறங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகள் கேட்டால் வெளி வாசலைத் திறந்துவிடும் வசதி அது. செல்போனில் கேமரா பார்க்க வசதியாக ரெக்கார்டர் தானே கேட்டுத் திறந்து வைத்திருக்கும். யுபிஎன்பியை நிறுத்திவிடுங்கள்; இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

அறிகுறி: நேற்று இருந்த போர்ட் இன்று இல்லை

கரண்ட் போய் வந்ததா என்று கேளுங்கள். ரவுட்டர் மறுபடி எழுந்ததும் முகவரிகளை மாற்றிக் கொடுத்திருக்கலாம். நேற்று 192.168.1.23இல் இருந்த கைரேகை மெஷின் இன்று 31இல் இருக்கும். நோட்டில் ஐபியோடு மேக் முகவரியையும் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. எண் 49152க்கு மேல் இருந்தால் அது மாறுவதே இயல்பு. யுடிபியில் ஓபன், ஃபில்டர்டு இரண்டும் சேர்ந்து வந்தால் பதிலே வரவில்லை, அவ்வளவுதான். ராயபுரம், காசிமேடு பக்கம் என்றால் கேபிள் முனையையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் தாமிரம் பச்சை பூத்து இணைப்பு வந்து வந்து போகும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் யார் என்று தெரியவில்லை

தாளில் மிச்சம் இருந்தது 5555. மேக் முகவரி எனக்குப் பழக்கமில்லாத ஒரு நிறுவனத்தைக் காட்டியது. "-எஸ்வி" ஓட்டியதும் ஃப்ரீசிவ் என்ற பெயர் மறைந்து ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ் என்று வந்தது. வரவேற்பறை டிவிக்குப் பின்னால் இருந்த ஆண்ட்ராய்டு பெட்டி. நிரல் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் வாசல் அது, மலிவான சில பெட்டிகளில் திறந்தபடியே விற்பனைக்கு வந்துவிடுகிறது. நுழைபவர் விருப்பம்போல் நிரல் ஏற்றலாம். 2018இல் இந்த 5555 வழியாகவே பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவி, மறைவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் புழு ஒன்று பரவியது.

இப்படிப்பட்ட இடத்தில் வரிசை முக்கியம். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரவுட்டரில் தடுங்கள். நினைவகத்தில் ஓடுவது கரண்ட் போனால் அழிந்துவிடும். கம்ப்யூட்டர் என்றால் கேபிளைப் பிடுங்கும் முன் "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" பட்டியலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டாப்ளிஷ்டு என்ற வரிகளில் எதிர்முனை முகவரி இருக்கும். ஊடுருவல் என்று தெரிய வந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28இல் வந்த உத்தரவு. பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்வது.

அந்தப் பெட்டியில் வேறு நிரல் ஏதும் ஏறியிருக்கவில்லை. டெவலப்பர் விருப்பங்களில் போய் அந்த வாசலை அடைத்தேன். பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி திறந்துகொண்டது. முதலாளியிடம் சொன்னதும் கழற்றி எடுக்கச் சொல்லிவிட்டார். "அப்போ பசங்க கேம் ஆடலையா?" என்று இன்னொரு முறை கேட்டார்.

"இல்லண்ணே. அது டிவி."

ஏழில் மூடியது ஒன்றே ஒன்று. மற்ற ஆறுக்கும் எண், மேக், எந்தப் பெட்டி, எதற்காக, யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி, ஸ்விட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஆடிட் செய்தவருக்கு அதன் நகலைத்தான் பதிலாக அனுப்பினோம்.